தினம் ஒரு சத்தியம்

அதை அமுக்காதீங்க சார், அது தீ மணி. போன மாசம் பால் கொண்டு வந்தவர் லைட்டு சுவிட்சுன்னு நெனச்சு அதைத் தட்டிவிட்டாரு, முன்னூறு புள்ளைங்க பனியில போய் நின்னுச்சுங்க. பக்கத்துல சின்னதா இருக்கு பாருங்க, அதான் மைக்கு. நாளைக்கு நான் லீவு, என் இடத்துல நீங்கதான், காலைல சரியா எட்டு இருபதுக்குப் போடுங்க. முதல்ல மத்தியானச் சாப்பாடு என்னன்னு சொல்லணும், அதுக்கப்புறம்தான் கொடி உறுதிமொழி. முறைய மாத்திடாதீங்க. நான் ஒரு தடவ மாத்திட்டேன். உறுதிமொழி முடிஞ்ச சூட்டோட, இன்னிக்குச் சாப்பாடு சில்லி, அதான் பீன்ஸும் கறியும் போட்ட குழம்பு, அதுவும் இலவங்கப்பட்டை ரொட்டியும்னு சொல்லிட்டேனா, ஒண்ணாங் கிளாஸ்ல பாதிப் பேரு நாட்டு உறுதிமொழியே அதுலதான் முடியுதுன்னு நெனச்சு, ரெண்டு வாரம் நெஞ்சுல கை வெச்சு அப்படியே சொல்லிட்டிருந்தாங்க.

கட்டாயமான்னா... பள்ளிக்கூடம் தினமும் சொல்ல வைக்கணும், அது மாநிலத்து உத்தரவு. புள்ளைங்க எந்திரிச்சுத்தான் ஆகணும்னு இல்ல. இது ரெண்டுக்கும் நடுவுலதான் ஊரே சண்டை போட்டுச்சே, கேள்விப்படலையா? ஓ, அது போன வருஷம், நீங்க அப்ப குளிருக்கு அரிசோனா போயிருப்பீங்க.

ரெண்டாங் கிளாஸ் டன்லெவி வாத்தியார் ஒரு நாள் ஒரு புள்ளைய இங்க அனுப்பி வெச்சாரு. ட்ரூடி குபிக்னு பேரு. ஏழு வயசு, இடது காலு பூட்ஸை வலது கால்ல மாட்டியிருந்தா. எந்திரிக்க மாட்டேங்கிறா, என்னன்னு கேளுங்கன்னு ஒரு துண்டுச் சீட்டு. ஏன்டி கண்ணு எந்திரிக்கலன்னு கேட்டேன். நான்தான் நேத்தே சத்தியம் பண்ணிட்டேனே, தினம் தினம் பண்ணச் சொன்னா என்னைய நம்பலைன்னுதானே அர்த்தம்னா. எங்க வீட்டுக்காரர் இப்படித் தினம் ஒரு தடவ கல்யாண மோதிரம் மாத்திக்கச் சொன்னா நானும் சந்தேகம்தான் படுவேன்னு சொல்லிட்டேன்.

மைக்கை அணைக்கலை சார்.

முன்னூறு புள்ளைங்களும் கேட்டுடுச்சுங்க. மறுநாள் ரெண்டாங் கிளாஸ்ல பதினாலு பேரு உக்காந்துட்டாங்க, நாங்களும் நேத்தே சொல்லியாச்சுன்னு. அதுக்கு அடுத்த நாள் சமையல்கட்டுலயே ஒருத்தி உக்காந்துட்டா. அவளுக்கு முட்டிவலி, ஆனா யாரு நம்புறா? ஹெட்மிஸ்ட்ரஸ் ஃபென்ஸ்கி அம்மா என்னையப் பார்த்த பார்வைல காப்பி உறைஞ்சு போச்சு.

அப்புறம் பள்ளிக்கூடத்து ஜிம்ல, அதான் உள்விளையாட்டுக் கூடத்துல, ஊர்க்கூட்டம். விதைக்கடை மெர்ல் ஆஸ்டர்கார்ட் இருக்காரே, பட்டாளத்துல இருந்தவரு, அவருதான் முதல்ல எந்திரிச்சாரு. இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு மரியாதை தெரியலை, நான் சொல்லிக் காட்டுறேன் பாருங்கன்னு கொடியப் பார்த்து நெஞ்சுல கை வெச்சாரு. நல்லாத்தான் ஆரம்பிச்சாரு. ஒரே தேசம்னு வந்தவரு அங்கயே நின்னுட்டாரு. ஒரே தேசம்... ஒரே தேசம்னு மூணு தடவ. கழுத்தெல்லாம் செவந்து போச்சு. அடுத்த வரி எங்க எல்லாருக்கும் தெரியும், ஆனா எடுத்துக் கொடுக்க யாருக்கும் தைரியம் வரல.

ட்ரூடி முன்வரிசைல இருந்தா. எந்திரிச்சு அவர் பக்கத்துல போய் நின்னு, நெஞ்சுல கை வெச்சு, கடவுளின் கீழ், பிரிக்க முடியாதது, எல்லாருக்கும் சுதந்திரம், நீதின்னு மெதுவா எடுத்துக் கொடுத்தா. அவரு அவ பின்னாலயே சொல்லி முடிச்சாரு. உக்காரும்போது அவ தோள்ல தட்டிட்டு, நீ நேத்தே சொல்லிட்டேன்னியேன்னு கேட்டாரு. உங்களுக்கு ஒத்தாசைக்குத்தான்னுட்டா. கூட்டம் அதோட முடிஞ்சு போச்சு. நிக்கறவங்க நிக்கட்டும், உக்காரறவங்க உக்காரட்டும், யாரையும் ஆபீசுக்கு அனுப்பக் கூடாதுன்னு எழுதி ஒட்டியாச்சு.

அந்த வாரம் ட்ரூடி இங்க எட்டிப் பார்த்து, நீங்க எத்தனை தடவ சொல்லியிருக்கீங்கன்னு கேட்டா. பத்தொம்பது வருஷம், வருஷத்துக்கு நூத்தி எழுபத்தஞ்சு நாளு. கால்குலேட்டர்ல தட்டினா மூவாயிரத்து முன்னூத்தி இருபத்தஞ்சு. அப்ப இந்த ஊர்லயே நீங்கதான் பெரிய அமெரிக்கக்காரின்னு சொல்லிட்டு ஓடிட்டா.

லீவு எதுக்கா? உடம்புக்கெல்லாம் ஒண்ணும் இல்ல சார். நான் மனிடோபாக்காரி. ஆமா, கனடா. கல்யாணம் ஆகி இங்க வந்து முப்பத்தோரு வருஷம். இருக்கறதுக்கும் வேலை பாக்கறதுக்கும் அட்டை இருக்கு. குடியுரிமைக்கு மட்டும், அறுவடை முடியட்டும், பையன் படிப்பு முடியட்டும்னு தள்ளிப் போட்டுப் போட்டு எழுதிப் போடவே இல்ல. யாரும் கேக்கவும் இல்ல. தினம் காலைல இவ்ளோ சத்தமா உறுதிமொழி சொல்றவளை எவன் கேப்பான்? அந்தப் புள்ள சொன்ன மறுநாளே எழுதிப் போட்டேன். நாளைக்குப் பத்து மணிக்கு ஒமாஹா கோர்ட்டுக்குக் குடியுரிமைச் சத்தியம் பண்ண வரச் சொல்லியிருக்காங்க.

லீவு சீட்டுல பல் டாக்டர்னு எழுதியிருக்கேன். ஃபென்ஸ்கி அம்மா கேட்டா நீங்களும் பல்லுன்னே சொல்லிடுங்க.