துளையிடாத இரண்டு தாங்கிகள்

எழுபத்தொன்பதாம் ஆண்டுக் கார்த்திகை பிறந்தும் கார் அகலவில்லை, ஐயா. கமண்டல நாகநதியின் மேல் கருமுகில் கவிந்து கிடந்தது. பட்டிழைகள் ஈரமேறித் தறியில் தளர்ந்தன. ஆரணியே குரல் தாழ்த்திப் பேசியது. அத்தகைய பருவத்தில் களிமண்ணின் உள்ளீரம் எளிதில் வற்றாது.

நானும் குப்புராஜும் ஒரே கொட்டகையில் மெழுகுவத்தித் தாங்கிகள் செய்துவந்தோம். சக்கரம் கிடையாது. மண்ணைக் கையால் திரித்து அடுக்கிச் சுவரெழுப்பி, சற்று இறுகியபின் கத்திமுனையால் செதுக்குவோம். நான் தாமரையிதழ்களைப் பதிகத்தின் சீர்போல் அளந்து வைப்பேன். அவன் நெசவாளர் மகன். புடவைக் கரையின் அன்னங்களை மண்ணில் கிறுக்குவான்.

சென்னை வியாபாரி மாணிக்கவேல் அவனுடையவற்றையே வாங்கினார். அது எனக்கு ஒரு பொருட்டன்று. ஆனால் குப்புராஜ் படவேட்டு அம்மை ரேணுகாம்பாளின் திருமுகத்தைத் தாங்கியின் அடியில் செதுக்கினான். உருகிய மெழுகு அம்மையின் கண்களில் வழிந்தது. கண்டித்தேன்.

"அம்மாளுக்கு மெழுகாபிஷேகம் நடந்துகினு இருக்குது. சும்மா பேஜார் பண்ணாதீங்கண்ணே."

மாணிக்கவேல் சிரித்தார். "உங்க தாமரை முட்டைகோஸ் மாதிரி கீதுங்க. அவரு கைய பாத்துக் கத்துக்கோங்க."

அம்மைக்கு நேர்ந்த இழிவை நான் பொறுக்கவில்லை. காரணம் அவ்வளவே.

உள்ளே வெற்றிடம் உள்ள தாங்கிக்கு ஊசியால் ஒரு துளையிட வேண்டும். இல்லையேல் சூளையில் நீராவி வெளியேற வழியின்றி அது வெடிக்கும். துளையிடுவது குப்புராஜின் பொறுப்பு. அவனறியாமல் இரண்டை நானே கட்டித் துளையிடாமல் மூடினேன். ஒன்றை நெருப்பருகே வைத்தேன். மற்றொன்றைச் சூளைச் சுவரின் பார்வைத்துளையை ஒட்டி வைத்தேன். சூளையில் ஓசை எழுந்தால் குப்புராஜ் அத்துளையின் செங்கல்லை உருவி முகம் வைத்துப் பார்ப்பான். பலமுறை தடுத்திருக்கிறேன்.

முதலாவது வெடித்தது.

"இன்னாண்ணே சத்தம்?"

"பார்," என்றேன்.

பார்த்தான். இரண்டாவதும் வெடித்தது. இரு கண்களும் போயின.

"நான்தான் ஓட்டை போட மறந்துட்டேன் போலண்ணே," என்று மருத்துவமனையில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். ஊரும் அவனுடைய மறதி என்றே நம்பியது. ஆகவேதான் தாங்கள் அழைக்காமலே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன். அது மறதியன்று, ஐயா. எது முன்னர் வெடிக்கும், எது பின்னர் வெடிக்கும் என்று சுவரின் கனத்தை விரலால் அளந்து கட்டியவன் நான். அந்த வேலையில் எவரும் குறைகாண இயலாது. அது அவன் பெயரில் நிற்க நான் விடமாட்டேன்.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். மேற்கே படவேட்டுத் திசை. சற்றுப் பொறுங்கள், திருநீறு அணிந்து அம்மையைத் தொழுதுகொள்கிறேன்.

குப்புராஜ் நீடு வாழ்க. அம்மை அவனுக்கு அகக்கண்ணைத் திறந்தருள்க. அவன் விரல்களும் இனி ஓய்வு பெறுக.