ஒத்துக்காத கல்லு

இல்லீங்க அத்தை, எதுத்துப் பேசறேன்னு நெனைச்சுக்காதீங்க. சரி, எதுத்துத்தான் பேசறேன், அப்படியே நெனைச்சுக்குங்க. மாமாவும் உங்க பையனும் காரை நிறுத்திப்போட்டு மேல கடைக்கு வாரதுக்குள்ள நாம ரெண்டு பேரும் பேசி முடிச்சுக்கலாம். நிச்சயத்துக்குப் போடற மோதிரம், என்ற விரலுக்குத்தானுங்களே?

முஸ்தபாண்ணா, அத்தை எடுக்கச் சொன்ன அந்தப் பெரிய கல்லை உள்ள வெச்சிராதீங்க. நாங்க மொதல்ல எடுத்த சின்னக் கல்லையும் பக்கத்துல வெய்யுங்க. வெள்ளைக் காயிதத்து மேல.

இப்பப் பாருங்க அத்தை. பெருசுல மஞ்சள் தட்டுதுங்களா? லேசாத்தான், மோர்ல மஞ்சத்தூள் விழுந்தாப்பல. அதானே. நடுவுல பாருங்க, செத்த மீன் கண்ணாட்டம் கெடக்குது. பெருசாத் தெரியோணும்னு தட்டையாப் பட்டை போட்டிருக்காங்க. உள்ள போற வெளிச்சம் மேல திரும்பாம அடியில ஒழுகிப்போயிருதுங்க. கேரட்டுன்னா எடை, அவ்வளவுதான். நீங்க சோமனூர்ல தறி ஓட்டறவங்க. துணியை எடை போட்டுத் தரம் சொல்லுவீங்களா? நெசவைத்தானே பாப்பீங்க? கல்லுக்குப் பட்டைதானுங்க நெசவு. சின்னதைக் கொஞ்சம் ஆட்டிப் பாருங்க. எப்படிப் பொறி பறக்குது!

ம்... கரும்புள்ளி. அங்கதான் வருவீங்கன்னு தெரியுமுங்க.

புள்ளி இருக்குது, இல்லைங்கல. சர்டிபிகேட்லயே போட்டிருக்குது. பத்து மடங்கு பெருசாக் காட்டற லென்ஸை வெச்சுப் பாத்தாத்தான் தெரியும். வெறுங்கண்ணுல ஊசிமொனை அளவுகூடத் தெரியாது. மண்ணுக்கடியில கல்லு வெளையறப்பவே உள்ள மாட்டுன மச்சம் அது. உங்க பையன் கன்னத்துல இருக்கறது மட்டும் ராசி மச்சம்னு பொண்ணு பாக்க வந்தன்னைக்கு நாலு தடவை சொன்னீங்களே! சிரிக்காதீங்க முஸ்தபாண்ணா, நான் சீரியஸாப் பேசிட்டிருக்கேன்.

சரிங்க, கண்ணுக்குத் தெரியாததும் தோஷம் பண்ணும். நீங்க சொல்ற வழிக்கே வாரேன். வைரம்னா ஊட்டுல மூணு நாள் வெச்சுப் பாக்கோணும், ஒத்துக்கிச்சுன்னாத்தான் வாங்கோணும். உங்க பக்கத்து வழக்கம். அதுக்குத்தான் கடையில மடிச்சுக் குடுத்த பொட்டலத்தை அப்படியே சாமி ரூம்ல வெச்சீங்க. பிரிச்சாக் கண்ணு பட்டுரும்னு பிரிச்சுக்கூடப் பாக்கல. மொத நாளே தறி மோட்டார் பொகைஞ்சு போச்சு. மறுநா மாமா பாத்ரூம்ல வழுக்கி உழுந்துட்டாரு. மூணாம் நா சாமி ரூம்ல எறும்பு. மொசைக்ல சாரை சாரையா, பொட்டலத்தைச் சுத்தியே மொச்சுட்டுக் கெடந்துச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க? இதுவரைக்கும் எங்க ஊட்டுச் சாமி ரூம்ல எறும்பே வந்ததில்லைன்னு.

அதில்லீங்க அத்தை, கல்லை மட்டும் சொல்லியிருந்தீங்கன்னா நான் வாயே தொறந்திருக்க மாட்டேன். நேத்து எங்கம்மாகிட்டப் போன்ல என்ன கேட்டீங்க? கல்லே ஒத்துக்கலையே, நிச்சயத்தைச் சித்தெ தள்ளிப்போட்டு, பொண்ணு ஜாதகத்தை இன்னொருக்காப் பாக்கலாமான்னு. போனு ஸ்பீக்கர்ல இருந்துச்சுங்க. எங்கம்மா அப்புறமேட்டுக்குச் சோறே திங்கல. மண்டபம் பேசி, ஒறம்பறைக்கெல்லாம் சொல்லிப்போட்டு உக்காந்திருக்கறவங்ககிட்டக் கேக்கற கேள்விங்களா அது? மோட்டார் பொகைஞ்சதுக்கு நான் என்னங்க பண்ணுவேன்? நான் கோயமுத்தூர்ல இருந்தேன், உங்க மோட்டார் சோமனூர்ல இருந்துச்சு.

அட, நான் கல்லுக்குப் பரிஞ்சு பேசலீங்க. கல்லுக்கு ஒண்ணும் பரிஞ்சு பேச வேண்டியதில்ல, அது தன்னால நிக்கும். உக்காருங்க அத்தை, எங்க எந்திரிக்கறீங்க? உங்க பையனைக் கூப்பிடறதுக்கா? கூப்பிடுங்க, நல்லதாப் போச்சு. அவருக்கும் தெரியும்.

அது ஒண்ணுமில்லீங்க. கல்லோட விளிம்புல பொடி எழுத்துல நம்பர் பொறிச்சிருப்பாங்க. அதும் சர்டிபிகேட்ல இருக்கறதும் ஒண்ணான்னு எங்க காலேஜ் லேப் மைக்ராஸ்கோப்ல வெச்சுப் பாக்கோணும்னு ஆசைப்பட்டேன். உங்ககிட்டக் கேட்டா உடமாட்டீங்க. அன்னைக்குக் கடையில இருந்து எறங்கினதுமே, நீங்க வாரதுக்குள்ள, உங்க பையன் ஆதர்ஷ்தான் கார்ல வெச்சுக் கல்லை எடுத்து என்ற கையில குடுத்துட்டாரு. நம்பர் சரியா இருந்துச்சுங்க. அந்த மூணு நாளும் கல்லு என்ற பர்ஸுலதான் இருந்துச்சு. அதை வெச்சுட்டுத்தான் வைவாவுக்கே போனேன், பாஸாயிட்டேன். அப்புறம் அவர்கிட்டயே குடுத்துட்டேன். இன்னைக்குக் காத்தால நீங்க கார்ல ஏறறதுக்கு முன்னாலதான் பொட்டலத்துல திருப்பி வெச்சாரு.

தொட்டுப் பாத்தாக் காலியாத் தெரியக்கூடாதுல்லீங்களா, அதுக்குத்தான் கார்ல கெடந்ததுல ஒரு துண்டை எடுத்து உள்ள வெச்சு மடிச்சோம். எறும்பு மட்டும் எங்க தப்புதானுங்க, ஒத்துக்கறேன். கல்கண்டுக்கு எறும்பு வரத்தானே செய்யும்?

மருதமலைக் கோயில்ல நீங்களே கையில வாங்கிட்டு வந்த கல்கண்டுதானுங்க அத்தை அது. அதுவுமா உங்க ஊட்டுக்கு ஒத்துக்கல?