வரைபட அறைச் சாவி

வரைபட அறையின் சாவியை ஹஃப்ஸாவிடம் நானேதான் கொடுத்தேன். காயல்பட்டினத்துப் பெண், என் ஆய்வு மாணவி, ஜெர்மனியின் பான் நகரத்துக்கு வந்த புதிது. மதியத் தொழுகைக்கு ஓர் ஒதுக்கிடம் கேட்டாள். மறுக்க நான் என்ன கல்நெஞ்சனா?

என் இருபது வருட உழைப்பு ஒரே புத்தகம். ஐந்து நாடுகளைப் பிடித்த ஒரு சுல்தானைப் பற்றியது. அவனுக்கு மார்க்கம் வெறும் ஆயுதம் என்று அதில் நிறுவியிருந்தேன். படை முழுக்கப் பார்க்கும்படி கூடாரத்துக்கு வெளியே தொழுவான். பக்கத்து முஸ்லிம் அரசனையே மார்க்கம் கெட்டவன் என்று மத அறிஞர்களான உலமாக்களிடம் எழுதி வாங்கிக்கொண்டு, பிறகு படையெடுப்பான்.

மூன்றாம் வருடம் ஹஃப்ஸா அந்தச் சுல்தானின் எழுத்தர் பாரசீக மொழியில் எழுதி வைத்திருந்த நாட்குறிப்பைப் படித்து முடித்தாள்.

"சார், யாருமே பாக்காதப்பவும் அவர் தொழுதிருக்கார். மதத்தை வச்சு அரசியல் பண்ணதும் நிஜம், நம்பினதும் நிஜம். நம்ம புக்ல அந்த சாப்டரை மாத்தணும் சார்."

நம்ம புக். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் வாசிப்பில் பிழை தேடி நான்கு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். பாரசீகத்தில் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி, ஒன்றும் அகப்படவில்லை. அக்டோபரில் அவள் கட்டுரை வெளிவர இருந்தது. அவளுடைய விசா நீட்டிப்பும் அதே மாதம்தான்.

ஆகவே அதிகாரிகளுக்கு ஒரு கடிதம் எழுதினேன். பெயர் போடவில்லை. தினமும் அறையைப் பூட்டிக்கொள்கிறாள், ஒரு படையெடுப்பாளனின் பக்தியைப் போற்றுகிறாள் என்று எழுதி, தேதியும் நேரமும் கொடுத்தேன். 'கூட்டாளிகளுடன்' என்ற ஒரு சொல் மட்டும்தான் நான் சேர்த்தது. பழக்கதோஷத்தில் அடிக்குறிப்புகளும் போட்டுவிட்டேன், ஒன்றில் என் புத்தகத்தின் பக்க எண்ணோடு. அதை வைத்துத்தான் விசாரணைக் குழுவினராகிய நீங்கள் என்னைக் கண்டுபிடித்தீர்கள், வெட்கமாக இருக்கிறது.

அவளுடைய கணினியையும் குறிப்புகளையும் எடுத்துப்போனார்கள். விசா நிறுத்தப்பட்டது. கட்டுரை வெளிவரவில்லை. நூலகத்தில் இருக்கும் யாழ்ப்பாணத்துக் கம்சனா என்னைத் தேடி வந்தாள்.

"அண்ணை, அந்தப் பிள்ளை அழுதுகொண்டு நிக்குது. நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் விடுவினம்."

ஊருக்குத் திரும்புவதற்கு முதல் நாள் ஹஃப்ஸாவே வந்து சாவியை என் மேசையில் வைத்தாள்.

"நான் அங்க தொழ மட்டும்தான் போனேன்னு உங்களுக்குத் தெரியும் சார். ஒரு லெட்டர் குடுங்க, போதும்."

மத விஷயங்களில் நான் தலையிடுவதில்லை என்று அவளிடம் சொன்னேன். இன்றைக்கும் என் கொள்கை அதுதான்.