புள்ளிக்காரியின் விரல்கள்

பல்லி என்றாலே எனக்கு முன்பெல்லாம் அருவருப்புதான், ஐயா. என் தங்கச்சி வேலை பார்த்த செல்லப் பிராணிக் கடையில், யாரோ வாங்கிப் போய்த் திருப்பிக் கொடுத்த சிறுத்தைப் பல்லி அது. மஞ்சள் உடம்பு, கறுப்புப் புள்ளிகள். புள்ளிக்காரி என்று பெயர் வைத்துக் கண்ணாடித் தொட்டியோடு தூக்கி வந்துவிட்டாள்.

கீழ்வீட்டு டெய்லர் அக்கா மாடிப்படியில் நின்று சிரித்தார். "ஏம்மா, செவுத்துல ஓடுற பல்லிக்கு என்ன குறைச்சல்? அதுங்க கோவிச்சுக்கப் போகுது."

"அதுங்க வேலைக்காரங்கக்கா. இவ மகாராணி" என்றாள் தங்கச்சி.

நான் துணிக் கிடங்கில் மூட்டை கட்டுகிறவன். அப்பா அம்மா போனபிறகு அவளை வளர்த்தவன் நான். தலை நரைக்கத் தொடங்கியபின் எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவள் அவள். அதனால்தான் இதை என் கையாலேயே எழுதுகிறேன். வேலை முடிந்து படியேறும்போது வாசலில் அவள் செருப்பைப் பார்த்தால்தான் எனக்கு மூச்சு சீராகும். இதை நீங்கள் நம்ப வேண்டும். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

தோல் உரிக்கும் நேரம் வந்தால் புள்ளிக்காரி வெளுத்துப் போவாள், சுண்ணாம்பு பூசியதுபோல. அப்போது தொட்டிக்குள் இருக்கும் சின்ன டப்பாவில் ஈரப் பஞ்சு வைக்க வேண்டும். அதற்குள் புகுந்து பழைய தோலைக் கழற்றித் தானே தின்றுவிடுவாள். ஈரம் இல்லாவிட்டால் விரல் நுனியில் தோல் ஒட்டிக்கொண்டு, காய்ந்து, நூல் சுற்றியதுபோல இறுகும். இரத்தம் போகாது. விரல் கறுத்து உதிர்ந்துவிடும். தங்கச்சி கடையில் நிற்கும் நேரத்தில் பஞ்சை நனைப்பது என் வேலை.

அவளுக்கு வெளியூரில் பெரிய கடையொன்றில் வேலை கிடைத்தது. தங்குவதற்கு அறையும் தருகிறார்கள். "இவ தோல் உரிச்சு முடிச்சதும் கூட்டிட்டுக் கிளம்பிடுவேன்ணே" என்றாள். நான் நல்லது என்றேன். அந்த வாரம் கிடங்கில் சரக்கு அதிகம். உடம்பு அடித்துப் போட்டதுபோல இருந்தது. பஞ்சை நனைக்க மறந்தே போனேன். புள்ளிக்காரிக்கு ஒரு விரல் போனது.

தங்கச்சி அழுதாள். வெதுவெதுப்பான தண்ணீரில் அதன் காலை நனைத்து நனைத்து, காது குடையும் பஞ்சுக் குச்சியால் மற்ற விரல்களைக் காப்பாற்றினாள். பிறகு வெளியூருக்குப் போன் செய்து, கொஞ்சம் தள்ளி வருகிறேன் என்றாள்.

அடுத்த முறை நான் மறக்கவில்லை. நினைவோடுதான் பஞ்சைக் காயவிட்டேன். அதற்கடுத்த முறையும். ஒவ்வொரு முறையும் ஒரு விரல் போனது, அவள் பயணமும் தள்ளிப்போனது. "நனைச்சியாண்ணே?" என்று கேட்பாள். "நனைச்சேன்மா" என்பேன். அவள் வருகிற நேரத்துக்குச் சரியாக நனைத்து வைத்திருப்பேன். என்மேல் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. புள்ளிக்காரி மட்டும் என் கையைக் கண்டால் மூலைக்கு ஒதுங்கும்.

கடைசியில் அந்த வெளியூர்க் கடைக்காரர் இனிக் காத்திருக்க முடியாது என்றார். நான் எதிர்பார்க்காததை அவள் சொன்னாள். "புள்ளிக்காரி உன்கிட்டயே இருக்கட்டும்ணே. என்னைவிட நீதான் நல்லாப் பாத்துக்குற."

பெட்டியோடு இறங்கும்போது படியில் அவள் கால் பிசகியது. நான் தள்ளவில்லை. அதைத் தெளிவாகக் குறித்துக்கொள்ளுங்கள். வெறும் சுளுக்குதான். டாக்டர் கட்டுப் போட்டு, வீக்கம் வடிந்ததும் ஊருக்குப் போகலாம் என்றார். வீட்டில் அவிழ்த்துக் கட்ட ஆள் இருக்கிறதா என்று கேட்டார். "எங்கண்ணன் கட்டுறதுல கில்லாடி டாக்டர்" என்று சிரித்தாள்.

முதல் நாள் சரியாகத்தான் கட்டினேன். வீக்கம் மளமளவென்று வடிந்தது.

பிறகு மூட்டை கட்டுகிற மாதிரி கட்டினேன். குளிர் படக் கூடாது என்று விரல்களையும் மூடினேன். "அண்ணே, ரொம்ப இறுக்குது" என்றாள். "இறுக்கமா இருந்தாதாம்மா சீக்கிரம் குணமாகும்" என்றேன். வலி மாத்திரையும் தூக்க மாத்திரையும் கொடுத்தேன். அடுத்த நாள், "இப்ப வலியே இல்லண்ணே, மரத்துப்போச்சு" என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். புள்ளிக்காரியின் விரல்களைப் பார்த்தவன் நான். தெரிந்தும் இன்னொரு சுற்றுச் சுற்றினேன். பக்கத்தில் உட்கார்ந்து சோறு ஊட்டினேன். சின்ன வயதில் போல அவள் வாயைத் திறந்தாள். அந்த நாட்களில் வாசலில் செருப்பு இருக்கிறதா என்று நான் பார்க்கவே இல்லை, ஐயா.

வாடை வந்து டெய்லர் அக்காதான் கத்தரிக்கோலோடு மேலே ஏறி வந்தார். கட்டை வெட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். பாதத்தில் பாதியை எடுக்க வேண்டியதாயிற்று.

ஆமாம், இன்ஸ்பெக்டர் ஐயா, நான்தான் செய்தேன். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. புள்ளிக்காரியை அக்கா எடுத்துக்கொண்டாராம். தங்கச்சியும் ஆஸ்பத்திரியிலிருந்து அவர் வீட்டுக்குத்தான் போகிறாளாம். என்னைப் பார்க்க மாட்டேன் என்றாளாம். கோபம் தணிந்தால் வருவாள். என்னைத் தவிர அவளுக்கு யார் இருக்கிறார்கள்?

ஒன்றே ஒன்று, ஐயா. அங்கே அவளுக்குக் கட்டுப் போடுகிறவர்களிடம் சொல்லுங்கள். அவள் வலி தாங்க மாட்டாள். கொஞ்சம் தளர்வாகக் கட்டச் சொல்லுங்கள்.