குருட்டு நேரம்

உங்கள் அறை டியூப்லைட் சிமிட்டுகிறது, ஐயா. ஸ்டார்ட்டரை மாற்றச் சொல்லுங்கள். என் வாக்குமூலத்தை எழுதுகிறவருக்குத் தலைவலி வரும்.

எங்கள் கருவி ஒற்றை ஒளித்துகளைக்கூடப் பிடித்துவிடும். பிடித்த கையோடு, ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்கு, அதற்குக் கண் தெரியாது. இதற்கா இத்தனை கூத்து என்று சிரிக்காதீர்கள். அந்தக் குருட்டு நேரத்தைப் பாதியாக்கப் பதினோரு வருடம் மண்டையை உடைத்தேன்.

தங்கையின் கணவருக்கு எங்கள் ஆய்வகத்தில் வேலை வாங்கிக் கொடுத்தது நான்தான். இருட்டறைக்குள் கருவிக்குக் குளிர்வாயு நிரப்பும் வேலை. வாயு கசிந்து மூச்சுக்காற்று குறைந்தால் மணி அடிக்கும், சுவரில் சிவப்பு விளக்கு எரியும். மற்ற நேரத்தில் அந்த விளக்கு சும்மா மினுக்கிக்கொண்டிருக்கும். எங்கள் கருவிக்கு அதுவே உச்சி வெயில். கறுப்பு டேப் ஒட்டினேன். மணியாலும் அளவில் இரைச்சல் வந்தது, வயரைப் பிடுங்கினேன்.

"அதையும் மூடிட்டா எனக்கு எப்படித் தெரியும், மச்சான்?"

"நான் கதவுக்கு வெளியதானே உக்காந்திருக்கேன், மாப்ள? ஒரு தட்டு தட்டுங்க, திறந்துடறேன்."

"தட்டுறதுக்குத் தெம்பு இருக்கணுமே," என்று சிரித்தார். வாய்க்கொழுப்பு பிடித்த மனுஷன்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி. அவர் உள்ளே போனார். யாராவது தெரியாமல் திறந்துவிடக் கூடாது என்று வெளித்தாழ்ப்பாள் போடுவது எங்கள் வழக்கம், போட்டேன். கருவியோடு புது ரெசிஸ்டர் சேர்த்திருந்தேன். குருட்டு நேரம் சரிபாதியாக இறங்கியது. பதிவு முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது தட்டினார்.

கேட்டது. கேட்கவில்லை என்று சொல்லச் சொல்லி வக்கீல் தலையில் அடித்துக்கொள்கிறார், எனக்குப் பொய் வராது. திறந்தால் வெளிச்சம் புகுந்து, பதினோரு வருடமும் ஆற்றில் கரைத்த புளி. நான்கு நிமிடம் தாங்குவார் என்று கணக்குப் போட்டேன். கணக்குதான் தப்பு, அளவில் தப்பில்லை.

"அவர விட அந்தப் பொட்டி உனக்குப் பெருசாப் போச்சாண்ணா?" என்று தங்கை கேட்டாள். ஆமாம் என்றேன். அவளிடமும் பொய் சொல்லவில்லை. அதற்கப்புறம் அவள் என் முகத்தில் விழிக்கவில்லை.

பதிவை வாங்கிப் பாருங்கள். அவர் தட்டத் தட்டக் கதவு அதிர்ந்து, இடுக்கில் வெளிச்சம் கசிந்து, ஏழு கூர்முனைகள் விழுந்திருந்தன. ஆம்புலன்ஸ் வருவதற்குள் ஏழையும் இரைச்சல் என்று நீக்கிவிட்டேன். ஏழாவதற்கு அப்புறம் உள்ள இரண்டு நிமிடத்தில் கை வைக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. அவ்வளவு சுத்தமான பதிவை, ஐயா, நான் என் வேலையில் பார்த்ததே இல்லை.