காலை ஷிப்ட்டில் இன்னொருத்தி

விடியற்காலை நான்கு மணி. திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு மண் சந்து... ரமணாசிரமத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம். இரண்டு பக்கமும் முள்வேலி, காலி மனைகள். சந்து முனையில் ஒரே ஒரு தெருவிளக்கு. அதைத் தாண்டினால் மலை எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. அப்படி ஒரு இருட்டு. அந்தச் சந்தில்தான் மதுமிதா தினமும் தனியாக நடந்து வேலைக்குப் போனாள்.

போன் டார்ச்சை அணையுங்கள், சார்ஜ் தீர்ந்துவிடும். கரண்ட் வரும்போது வரட்டும். கிட்டே வந்து உட்காருங்கள்.

மதுமிதா நம்ம சௌம்யாவின் பெரியப்பா மகள். சௌம்யா இதோ என் பக்கத்தில்தான் இருக்கிறாள். நான் கூட்டிச் சொன்னால் அவளே நிறுத்துவாள்.

கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு கிராமம். சமணக் குடும்பம், மண்ணுக்குள் விளைகிற கிழங்கு, வெங்காயம்கூட வீட்டில் சேர்க்க மாட்டார்கள். மதுமிதாவுக்குச் சின்ன வயதிலிருந்தே சமையலில் ஆசை. ஹோட்டல் மேனேஜ்மென்ட் படிக்கிறேன் என்றாள். அவள் அப்பா ஜினராஜ் ஒரு வருஷம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒருநாள் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"கறி, முட்டை, வெங்காயம், பூண்டு, உருளை, கேரட்... இதுல எதையும் உன் கை தொடக்கூடாது. அதுக்கு ஒத்துக்கினா படி."

"நம்ம நிலத்துல வேர்க்கடலை போடுறோமே, அது மட்டும் மண்ணுக்கு மேலயா காய்க்குதுப்பா?"

"அது வேற. நீ வார்த்தை குடு."

கொடுத்தாள். கல்லூரியில் சமாளித்துவிட்டாள். வெங்காயத்தைத் தோழி நறுக்குவாள், அவளுக்கான மாவை இவள் பிசைந்து தருவாள். மூன்றாம் வருஷம் டிரெயினிங் வந்தது. அந்தச் சந்தின் கடைசியில் இருந்த ஒரு கெஸ்ட் ஹவுஸில் ஆறு மாதம். வெளிநாட்டுக்காரர்கள் நிறைய தங்குகிற இடம். அங்கே சமையல் பொறுப்பு மூர்த்தி என்பவருக்கு. முதல் நாள் சாயங்காலமே அவர் சொல்லிவிட்டார்.

"காலைல நாலு மணிக்கு நீ வந்து தொறக்கணும். நான் அஞ்சரைக்கு வருவேன். அதுக்குள்ள அஞ்சு கிலோ வெங்காயம், ரெண்டு கிலோ உருளை, கேரட் எல்லாம் நறுக்கி ரெடியா இருக்கணும். முடியாதுன்னா இப்பவே சொல்லும்மா, காலேஜுக்கு லெட்டர் போட்டுர்றேன்."

லெட்டர் போனால் சர்டிபிகேட் இல்லை. சர்டிபிகேட் இல்லாவிட்டால் மூன்று வருஷப் படிப்பும் போச்சு.

"செய்யறேன் சார்" என்றாள்.

மறுநாள் காலை பூட்டைத் திறந்தாள். டியூப்லைட் போட்டாள். மேஜைமேல் வெங்காயக் கூடை. கத்தியைக் கையில் எடுத்தவள் பத்து நிமிஷம் அப்படியே நின்றாள். அப்பாவின் முகம்... முடியவில்லை. கத்தியை வைத்துவிட்டு, ரவை எடுக்கப் பின்னால் இருந்த ஸ்டோர் ரூமுக்குப் போனாள். அங்கே மூட்டைமேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள்.

அப்போதுதான் கேட்டது.

டக்... டக்... டக்டக்டக்டக்...

பலகையில் கத்தி விழுகிற சத்தம். அவசரமில்லாமல், ஒரே சீராக. மூர்த்தி சீக்கிரம் வந்துவிட்டார் என்று நினைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

யாரும் இல்லை. வாசல் கதவு அவள் தாழ் போட்டபடியே இருந்தது. பலகைமேல் பாதிக் கூடை வெங்காயம் பொடிப்பொடியாக, எல்லாம் ஒரே அளவில். கத்தி ஈரமாக இருந்தது. பச்சை வெங்காய நெடி கண்ணில் ஏறியது. அந்த நெடியோடு இன்னொரு வாசனை... நனைந்த துணியை நாலு நாள் மூடிவைத்த மாதிரி.

மதுமிதா வெளியே ஓடி, வாசல் விளக்குக்கு அடியில் நின்றுகொண்டாள். உள்ளே மறுபடி சத்தம் ஆரம்பித்தது. ஐந்து மணிக்கு மேல்தான் நின்றது.

மூர்த்தி வந்தார். நறுக்கியதை ஒரு பிடி அள்ளி விரல் வழியே உதிர விட்டுப் பார்த்தார்.

"யார்கிட்ட கத்துக்கின?"

"காலேஜ்ல சார்" என்றாள்.

அந்த ஒரு பொய்யோடு எல்லாம் நிலைத்துவிட்டது. தினமும் போவாள், விளக்கைப் போடுவாள், கூடையை எடுத்து வைப்பாள். ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். சத்தம் வரும். நின்றதும் வெளியே வருவாள். முதல் வாரம் காய்ச்சல் வந்தது. இரண்டாவது வாரம் ஸ்டோர் ரூமில் தூங்கிவிட்டாள். ஆமாம், தூங்கிவிட்டாள்... பயம்கூடப் பழகிப்போகும் போல.

"யாருக்கும் சொல்லலையா?" இதோ எதிரே உட்கார்ந்திருக்கிற கவிநிலா, போன தடவை இந்தக் கதையைச் சொன்னபோதும் இப்படித்தான் கேட்டாள். எப்படிச் சொல்வாள்? அப்பாவுக்குக் கொடுத்த வார்த்தையும் உடையவில்லை, மூர்த்தியிடம் நல்ல பெயரும் வந்துவிட்டது.

மூன்றாவது மாதம் ஒருநாள் அடுப்பில் வைத்த பால் பொங்குகிற வாசனை வந்தது. யோசிக்காமல் ஸ்டோர் ரூம் கதவைத் திறந்துவிட்டாள். சத்தம் நிற்கவில்லை. பலகைமேல் ஒரு பழுத்த தக்காளி. அதன் தோல் ஐந்து இடத்தில்... உள்ளே அமுங்கியிருந்தது. ஐந்து விரல் பிடித்த மாதிரி. கத்தி இறங்க இறங்க, அந்தப் பள்ளங்கள் மெதுவாகப் பின்னால் நகர்ந்தன.

மதுமிதா பாலை இறக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டாள். பால் தீய்ந்து போனது.

அன்றைக்குப் பாத்திரம் கழுவ வரும் அன்புச்செல்வியிடம் கேட்டாள். "அக்கா, எனக்கு முன்னாடி இந்தக் கிச்சன்ல டிரெயினிங் வந்தவங்களுக்கு ஏதாவது ஆச்சா?"

"உனக்கு முன்னாடியா? நீதாம்மா மொத ஆளு. இந்த எடம் கட்டியே ஒன்றரை வருஷம்தான் ஆவுது."

"அதுக்கு முன்னாடி இங்க என்னா இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்ல. வெறும் கரம்பு. மாடு மேயும்."

அவ்வளவுதான். செத்தவர்களும் இல்லை, கதையும் இல்லை.

நாலாவது மாதம் மூர்த்தியே சொல்லி, சென்னையில் ஒரு பெரிய ஹோட்டலில் அவளுக்குச் சோதனைச் சமையலுக்கு ஏற்பாடு செய்தார். ஜெயித்தால் வேலை. போய் உண்மையைச் சொல்லிவிடுவது, பேக்கரிப் பக்கம் வேலை கேட்பது என்று மதுமிதா முடிவு செய்துகொண்டுதான் பஸ் ஏறினாள்.

பகல் மூன்று மணி. பெரிய கிச்சன். சுற்றிலும் பத்துப் பேர். தலைமைச் சமையல்காரர் அவள் முன்னால் ஒரு வெங்காயத்தை வைத்தார்.

"சார், நான் பேக்கரி செக்‌ஷனுக்கு..."

"மொதல்ல இத நறுக்கும்மா. அப்புறம் பேசலாம்."

மதுமிதா வலது கைக்காரி. ஆனால் கத்தியை எடுத்தது இடது கை. தலைக்கு அடியில் வைத்துத் தூங்கினால் கை மரத்துப்போகுமே... தன்னுடையது என்றே தோன்றாதே, அப்படி இருந்ததாம். நிறுத்தப் பார்த்தாள். நிற்கவில்லை. வெங்காயம் முடிந்தது, பக்கத்தில் இருந்த பூண்டை எடுத்தது. அது முடிந்ததும் கத்தியைத் துடைத்து, நேராக வைத்தது. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள்.

ராத்திரி அப்பாவுக்குப் போன் செய்தாள். "தொட்டுட்டேன்பா" என்றாள்.

அவர் கேட்டார். "நீயா தொட்ட?"

அவள் போனை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றிக்கொண்டாள்.

திருவண்ணாமலைக்குத் திரும்பி வந்த மறுநாள் காலை, வழக்கம்போல ஸ்டோர் ரூமுக்குள் போய் உட்கார்ந்தாள். நாலரை ஆயிற்று. ஐந்து ஆயிற்று. சத்தம் இல்லை. வெளியே வந்து பார்த்தாள். வெங்காயம் கூடையில் முழுசாகக் கிடந்தது. மூர்த்தி வந்ததும், "எனக்கு வெங்காயம் நறுக்கத் தெரியாது சார்" என்றாள். அவர் சிரித்தார்.

"அப்போ நாலு மாசமா நறுக்குனது யாரு?"

அதன்பிறகு அந்தக் கிச்சனில் அது வரவே இல்லை. மிச்ச நாளெல்லாம் காய் நறுக்க மூர்த்தி வேறு ஆள் போட்டார். அவளுக்குச் சென்னை வேலை கிடைத்த சந்தோஷத்தில் அவர் வேறெதுவும் கேட்கவில்லை. போய்விட்டது, விட்டது தொல்லை என்று மதுமிதா நிம்மதியாக இருந்தாள்.

இப்போது அவள் ஊரில்தான் இருக்கிறாள். சென்னையில் அவள் வேலை பார்த்தது ஒரே ஒரு நாள்... அதுகூட இல்லை, அரை மணி நேரம். அன்றைக்கே பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டாள். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை, சௌம்யாவிடம் மட்டும்தான் சொன்னாள்.

வேலையில் சேர்ந்த அன்று காலை, ஆபீஸில் வருகைப் பதிவு மெஷினுக்கு அவளுடைய கைரேகை எடுத்தார்கள். வலது கட்டைவிரலை வைத்தாள். பதிவானது. "இடதும் வைங்க மேடம், ஒண்ணு எடுக்கலன்னா இன்னொண்ணு எடுக்கும்" என்றார் ஆபீஸ்காரர். வைத்தாள். மெஷின் எடுக்கவில்லை. துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னார். எடுக்கவில்லை.

"நீங்க முன்னாடியே இங்க வேலை பார்த்திருக்கீங்களா மேடம்? இந்த விரல் ஏற்கெனவே பதிவாகி இருக்குதே."

"இல்லைங்க. இன்னிக்குதான் வரேன்."

அவர் கம்ப்யூட்டரைத் தட்டி, திரையை அவள் பக்கம் திருப்பினார். அந்த இடது விரல் ரேகைக்கு நேரே ஒரு பணியாளர் எண். 'கிச்சன், காலை ஷிப்ட்' என்று இருந்தது. பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. கீழே, அந்த எண் கடைசியாக வேலைக்கு வந்த தேதி, மூன்று வருஷத்துக்கு முந்தையது.

உள்ளே வந்த நேரம் இருந்தது. வெளியே போன நேரம் இல்லை.