ஏகமனதாக

— மில்லோட போர்டு கூட்டம் ஒண்ணுகூட நீங்க விட்டதில்ல, சத்தியசீலன் சார். வருகைக்கு முழு மார்க் போட்டுட்டேன்.

— ஆயுசு பூரா மிஷன் ஸ்கூல்ல மார்க் போட்டவன் நானு. இப்ப எனக்கு நீங்க போடுறீக! பேரு என்னம்மா சொன்னீக?

— பவதாரிணி. மார்க் உங்களுக்கு இல்ல சார், மில்லுக்கு. ஷேர் மார்க்கெட்ல இருக்கிற கம்பெனிகள நேர்மையா நடத்துறாங்களான்னு அளக்குறதுதான் எங்க வேலை. நீங்க முதலாளிக்கு ஒட்டு உறவில்லாத டைரக்டர். அதான் உங்ககிட்டயும் கேக்குறோம்.

— கேளுங்கம்மா, மெதுவாவே கேளுங்க. ஆனிமேரி போனதுலேர்ந்து இந்த வீட்ல போன் அடிக்கிறதே அதிசயம்.

— உங்க வீட்டம்மாவா சார்? தெரியாம போச்சு, சாரி.

— இருக்கட்டும்மா. அடுத்தது கேளுங்க.

— எழுமலை பக்கம் இருக்கிற மில் நிலத்த, முதலாளியோட மச்சினருக்கே பாதி விலைக்கு விக்க சம்மதிச்சிருக்கீங்க. ஏன் சார்?

— நானா? அந்தக் கூட்டமே நாளைக்குத்தானம்மா!

— நாளைக்கா? கூட்டத்துல நடந்ததுன்னு குறிப்பே எனக்கு அனுப்பிட்டாங்களே. படிக்கிறேன் கேளுங்க: "திரு. சத்தியசீலன் விளக்கம் கேட்டுத் திருப்தியடைந்தார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது."

— திருப்தியடைஞ்சேனாமா?

— மத்த ஃபைலோட தெரியாம சேத்து அனுப்பிட்டாங்க போல.

— முன்னாடியே டைப் அடிச்சு வைக்கிறது அவுக வழக்கந்தான். வேலை சுளுவா முடியட்டும்னு நானும் கண்டுக்கிறதில்ல. ஆனா நான் வாயத் திறக்கிறதுக்கு முந்தியே என் பேச்சையுமா எழுதி வைப்பாக? அப்ப நான் போனா என்ன, போகாட்டி என்ன?

— இந்த விற்பனையில உங்களுக்கு சம்மதமா சார்?

— எப்படிம்மா சம்மதிப்பேன்? எங்க ஸ்கூல் வாத்தியாரு, கிளார்க்கு எல்லாம் இந்த மில்லு ஷேர வாங்கி வச்சிருக்காக. அவுக சொத்தும்மா அது.

— அப்ப நாளைக்கு அதச் சொல்லுவீங்களா?

— சொன்னா அப்புறம் சீட்டு இருக்காதே. திருநகருக்கு, என் வீட்டு வாசலுக்கே கார் அனுப்புவாக. உள்ள நுழைஞ்சா எல்லாரும் எந்திரிப்பாக. சாருக்குச் சீனி இல்லாம காப்பின்னு ஒரு பையன் கொண்டாருவான். எனக்குச் சுகர்னு இப்ப ஞாபகம் வச்சிருக்கிறது அவன் ஒருத்தந்தாம்மா.

— சார், எங்க கேள்வியில இதெல்லாம் வராது.

— வராதும்மா. வந்தா எம்புட்டு மார்க் போடுவீக?

— நாளைக்குக் கார் எத்தன மணிக்கு வரும் சார்?

— வேணாம்னு போன் போட்டுச் சொல்லணும். பஸ்லயே போயிக்கிறேன். முடியாதுன்னு அவுக மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு, வெளிய வந்து அவுக கார்லயே ஏறி உக்காந்தா நல்லாவாம்மா இருக்கும்?